பச்சை பயிருக்கு அழகு, குளத்துக்கு ஆபத்து!

தேவிகுளம்: மலையில் தேயிலைக்கு இடும் உரத்துக்கும், கடலில் மீன் செத்து ஒதுங்குவதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் சம்பந்தம் உண்டு. இரண்டுக்கும் இடையே இருப்பது பாசி.

மூணாறு, தேவிகுளம் மலைகளில் பெய்யும் மழைநீர் முதிரப்புழையில் இறங்குகிறது. பெரியாற்றில் கலந்து கொச்சிப் பக்கம் கடலைச் சேருகிறது. அது வெறுங்கையோடு போவதில்லை. தோட்டத்தில் மிஞ்சிய உரம், லயத்துச் சாக்கடை, மாட்டுச் சாணம், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. இவற்றில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு விருந்து.

கனடா நாட்டில் 1973-ல் விஞ்ஞானிகள் ஓர் ஏரியை நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்துக் கொட்டினர். அந்தப் பாதி பச்சைப் பசேலென்று மாறியது. மறு பாதி தெளிவாகவே இருந்தது. வெயிலும் அசையாத நீரும் சேர்ந்துவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம்தான்.

மீன் சாவது ஏன்?

பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ அதுவே பிராணவாயுவை உறிஞ்சும். பாசி செத்து அழுகும்போது மிச்சமும் தீர்ந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பது இதனால்தான்.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதுவே நடந்தது. மீனவர்கள் 'பூங்கோரை' என்று அழைக்கும் பாசி படர்ந்து, மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாயிற்று. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. சிங்கில் தீவில் பவளப் பாறைகளும் மூச்சுமுட்டி மடிந்தன.

இதற்கெல்லாம் மனிதன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றின் போது கேரளக் கடலில் அடிநீர் மேலே கிளம்பி வரும். அதோடு சத்துக்களும் வருவதால் பாசி தானாகவே பெருகும். 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கரையெங்கும் துர்நாற்றம் வீசியது. மீன்கள் செத்தன. குழந்தைகள் பலருக்குக் குமட்டலும் மூச்சுத் திணறலும் கண்டன. இயற்கை வைக்கும் விருந்தில் நாமும் கழிவைக் கொட்டினால் நிலைமை முற்றத்தான் செய்யும்.

கொதித்தாலும் போகாத விஷம்

சில பாசிகள் விஷத்தையும் உண்டாக்கும். கடல்நீரை வடிகட்டி இரை தேடும் சிப்பிகளின் உடலில் அந்த விஷம் சேர்ந்துவிடும். 1997 செப்டம்பரில் விழிஞ்ஞத்தில் சிப்பிக்கறி உண்ட 500-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். எவ்வளவு வேகவைத்தாலும் இந்த விஷம் முறியாது. சிப்பியோ மட்டியோ தின்றபின் உதடும் நாக்கும் மரத்துப் போனால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு நிற்பதற்குள் போனால் பிழைக்கலாம்.

குளத்து நீரும் அப்படியே. அமெரிக்காவில் ஈரி ஏரியில் பாசி மண்டியதால், 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் திண்டாடினர். காய்ச்சியும் குடிக்கக் கூடாது என்று அரசாங்கம் எச்சரித்தது. காய்ச்சக் காய்ச்ச நீர் சுண்டுமே தவிர விஷம் போகாது.

செய்ய வேண்டியது என்ன?

பச்சைச் சாயம் கொட்டியது போல் ஆடை படிந்து நாற்றமடிக்கும் குளத்தில் யாரும் குளிக்க வேண்டாம். மாட்டையும் அங்கே தண்ணீர் காட்ட வேண்டாம். செத்து மிதக்கும் மீனை அள்ளிவந்து குழம்பு வைக்க வேண்டாம். பெருமழை வரும் என்று தெரிந்தால் உரமிடுவதைத் தள்ளிப்போட வேண்டும். சாணக்குழி ஓடையை விட்டு விலகி இருப்பது நல்லது.

பழி முழுவதையும் தொழிலாளி தலையில் சுமத்துவது நியாயமல்ல. நல்ல குடிநீரும் கழிப்பிடமும் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. லயத்துக் கழிவுக்குச் சரியான குழி இல்லாவிட்டால் அது ஓடைக்குத்தான் போகும். மேட்டிலிருந்து விடுவது பள்ளத்தில் இருப்பவன் குடிநீரில் சேரும். அங்கே இருப்பவனும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவனே.