மோரில் ஊறிய ரொட்டி ஐஸ்கிரீம் ஆன கதை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சில வீடுகளின் ராத்திரிச் சாப்பாடு ஒரு உயரமான கண்ணாடி டம்ளருக்குள் முடிந்துவிடும். மத்தியானம் மிஞ்சிய மக்காச்சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த மோரை ஊற்றி, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவார்கள். சிலர் உப்பும் மிளகும் தூவுவார்கள். சிலருக்குக் கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம் வேண்டும். நம் பழைய சோற்றுக்கு இது தூரத்துச் சொந்தம். அந்த டம்ளரை ஐஸ்கிரீமாக்கினால் உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரே கரண்டியில் வரும்.

ஏழை ரொட்டி, மாளிகை ஐஸ்

மக்காச்சோளம் அந்த மண்ணின் பூர்வகுடிகள் தந்த தானியம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு வாரப்படியாக அளந்தது பெரும்பாலும் அதன் மாவையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும்தான். தெற்கத்திச் சமையலின் கைமணம் பெருமளவு அவர்களுடையது.

ஐஸ்கிரீமோ மாளிகைப் பண்டம். குளிர்காலப் பனிக்கட்டியை வெட்டி, கோடைவரை நிலவறையில் காப்பாற்ற வசதி வேண்டும். அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கைப்பட எழுதிய ஐஸ்கிரீம் குறிப்பு இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784இல் பாரிசுக்கு அழைத்துப்போய் பிரெஞ்சுச் சமையல் பழக வைத்தார் ஜெஃபர்சன்.

உப்பு ருசியை உறையவைப்பதும் புதிய யோசனை இல்லை. மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ சமையல் நூலில், சிப்பி சூப்பை வடிகட்டி உறையவைக்கும் குறிப்பே இருக்கிறது.

சட்டியில் தொடங்கும் ருசி

ரொட்டி சரியாக வந்தால்தான் ஐஸ்கிரீம் சரியாக வரும். வார்ப்பிரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பையோ வெண்ணெயையோ விட்டு, ஓவனில் நன்றாகச் சூடாக்க வேண்டும். மக்காச்சோள மாவு, மோர், முட்டை, உப்பு, பேக்கிங் பவுடர் கலந்த மாவை ஊற்றியதும் ‘சுர்ர்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் அடி முறுகும். ரொட்டியில் சர்க்கரை சேர்த்தால் அது கேக் என்று சண்டைக்கு வருவார்கள் தெற்கத்திக்காரர்கள். இங்கே அவர்கள் கட்சியே சரி; இனிப்புக்குப் பாகு இருக்கிறது.

அந்தப் பாகு, சோர்கம் எனப்படும் இனிப்புச் சோளத் தட்டையைப் பிழிந்து காய்ச்சுவது. டென்னசி, கென்டக்கி பக்கம் இலையுதிர் காலத்து வேலை. ஏறத்தாழ 10 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு தேறும். மெல்லிய புளிப்பும் கசப்பும் கலந்த இனிப்பு அதற்கு. கிடைக்காதவர்கள் கெட்டியான வெல்லப் பாகு விடலாம்.

செய்முறை

பால் 300 மி.லி., கிரீம் 300 மி.லி. இரண்டையும் சூடாக்கி, 100 கிராம் ரொட்டித் தூளை அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். மாவு பாலைக் குடித்துவிடும் என்பதால் சக்கையை அழுத்திப் பிழியுங்கள். 4 மஞ்சள் கரு, 120 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து, சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். 82 டிகிரி செல்சியஸ், அதாவது கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் இறக்குங்கள். நன்கு ஆறிய பிறகே 200 மி.லி. கெட்டி மோரை ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் திரிந்துபோகும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஐஸ்கிரீம் மெஷினில் கடையுங்கள்.

மெஷின் இல்லையா? பிலடெல்ஃபியாவின் நான்சி ஜான்சன் 1843இல் காப்புரிமை பெற்ற கைச்சுற்று வாளியின் சூத்திரம் இருக்கிறது. உடைத்த ஐஸில் கல்லுப்பைக் கொட்டினால் அது பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிரும். நடுவில் பாத்திரத்தை வைத்து, ஓரத்தில் உறைவதைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள்.

கடைந்ததும் வெண்ணெயில் முறுக வறுத்து உப்புத் தூவிய ரொட்டித் தூளையும், 3 மேஜைக்கரண்டி பாகையும் வரிவரியாகச் சேர்த்து, ஃபிரீசரில் 4 மணி நேரம் வையுங்கள்.

குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். அதற்காகக் கலவையைச் சூடாக ருசி பார்த்துவிட்டு உப்பைக் குறைக்காதீர்கள், இனிப்பு போதவில்லை என்று சர்க்கரையையும் கொட்டாதீர்கள். சர்க்கரை மிஞ்சினால் இறுகாது. அதைவிட, மோரின் புளிப்பும் சட்டியின் முறுகலும் அமுங்கிப்போகும். ஏழை வீட்டு டம்ளரிலிருந்து இந்த ஐஸ்கிரீமுக்கு வந்த சொத்து அவை இரண்டும்தான்.