“உங்கட தோல் சென்சிட்டிவ்” என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள்

வேக்ஸ் செய்த இடம் எரிகிறது, கொப்புளம் போட்டுவிட்டது என்று பார்லருக்குத் திரும்பிப் போகும் பெண்ணுக்கு அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: “உங்கட தோல் சென்சிட்டிவ், தங்கச்சி. எல்லாருக்கும் இப்பிடி வாறதில்ல.” அவளும் தன் தோலையே நொந்துகொண்டு, கற்றாழையைப் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறாள். தோல் மென்மையாகவே இருக்கட்டும். அதைக் கேட்டறிந்த பிறகு வேலையில் கைவைப்பது யாருடைய பொறுப்பு? காசு வாங்கியவருடைய பொறுப்பு. இலங்கைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்; முதலில் தோலைப் பார்ப்போம்.

மட்டக்களப்பின் கல்லடியில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்றால் பார்லருக்கு நாள் பதிவதும் பந்தல்காரருக்குச் சொல்வதும் ஒன்றாகவே நடக்கின்றன. மணப்பெண் அலங்காரத்துக்கென்று பேசும் ‘பெக்கேஜில்’ வேக்ஸிங் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் உள்ள பூனைமயிரைப் பிடுங்கித்தான் சாமத்திய வீடு நடத்த வேண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. இங்கே அதை வாதிடப் போவதில்லை. பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

மெழுகு மயிரை மட்டும் எடுப்பதில்லை. தோலின் மேற்படலத்தில் கொஞ்சத்தையும் உரித்துக்கொண்டு போகிறது. வேரோடு பிடுங்கிய மயிர்க்குழி ஓரிரு நாள் திறந்தே இருக்கும். அதனால் சில மணி நேரம், கூடினால் ஒரு நாள், சிவந்து சிறிய பருக்கள் போலத் தடித்திருப்பது இயல்பு. குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி, வாசனை சேர்க்காத கிறீம் பூசினால் அடங்கிவிடும். அந்த ஓரிரு நாளும் இறுக்கமான உடுப்பு, வியர்க்கும் வேலை, வாசனைப் பவுடர், கடற்குளிப்பு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கும் ஊரில் உப்புக் காற்றும் புழுக்கமும் சும்மா விடாது. வியர்வை ஊறிய துணி உரசிக்கொண்டே இருந்தால், தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் பக்டீரியா அந்தக் குழிகளுக்குள் இறங்கிவிடும்.

அப்படி இறங்கினால் இரண்டு மூன்று நாளில் மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் சீழ் முனையோடு பரு கிளம்பும். இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை நாளில் மூன்று நான்கு தடவை பத்து நிமிடம் ஒற்றுங்கள்; குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவலால் மெதுவாகக் கழுவுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டி அன்டிபயோட்டிக் களிம்பு எழுதி வாங்குங்கள். பாமசியில் “பருவுக்கு ஏதாவது தாங்க” என்று கேட்டு, கிடைத்த ஸ்டீரொய்ட் கிறீமைச் சீழ்ப்பருவில் பூசுவது நெருப்புக்கு எண்ணெய் வார்க்கிற வேலை. சில வாரம் கழித்து, திரும்ப முளைக்கும் மயிர் வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து முடிச்சாக நிற்பதும் உண்டு. சுருண்ட மயிர் உள்ளவர்களுக்கு இது கூட. ஊசியால் கிளறக் கூடாது. அது ஆறும்வரை அந்த இடத்தில் வேக்ஸும் கூடாது. நம்முடைய மாநிறத் தோலில் காயம் எளிதில் கறுப்புத் தழும்பாக மாறிவிடும். அது மங்க மாதக்கணக்காகும். வெயில் பட்டால் இன்னும் இழுக்கும்.

சூட்டுக் காயம் வேறு கதை. மெழுகு அளவுக்கு மேல் சூடாகித் தோல் பொசுங்கிவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள். கொப்புளம் இல்லாத இடமென்றால் ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவ இளகி வரும். கொப்புளமோ உரிந்த தோலோ இருந்தால் மெழுகோடேயே வைத்தியசாலைக்குப் போங்கள். முகம், கண்ணிமை, மறைவிடம் ஆகியவற்றில் பட்டாலும், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்கவே வேண்டாம். கல்லடிப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. நிலைமை மோசமென்றால் 1990க்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் வரும், அதற்கும் கட்டணமில்லை.

யார் வேக்ஸ் செய்யவே கூடாது என்பதைத்தான் பார்லர்களில் யாரும் கேட்பதில்லை. கடும் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை குடிப்பவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்ஸ் பக்கம் போகக் கூடாது. தோல் தாளாக உரிந்து வரும். ட்ரெட்டினோயின், அடப்பலீன் கிறீம் பூசுபவர்கள் ஒரு கிழமைக்கு முன்பாவது அதை நிறுத்த வேண்டும். இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்கள், உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. ஒட்டும் பிளாஸ்டர் போட்டாலே அரிப்பெடுக்கும் என்றால் கூடுதல் கவனம் தேவை. பல மெழுகுகளில் உள்ள பைன் மரப் பிசின் சில பிளாஸ்டர்களிலும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊரில் பெரிய வில்லங்கம் வெள்ளையாக்கும் கிறீம். பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்களில் வரும் இந்தக் கிறீம்களில் குளொபெட்டசோல், பீட்டாமெதசோன் போன்ற வலுவான ஸ்டீரொய்டோ, பாதரசமோ கலந்திருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஸ்டீரொய்ட் மாதக்கணக்கில் தோலை மெலிய வைக்கும். அந்த மெலிந்த முகத்தில் மெழுகைப் பூசி இழுத்தால் என்ன மிஞ்சும்? கிறீமை விற்றதும் வேக்ஸ் செய்ததும் ஒரே கடை என்றால், “உங்கட தோல் சென்சிட்டிவ்” என்று சொல்ல அந்தக் கடைக்கு வாய் வரக் கூடாது. ஆனால் வருகிறது!

நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். 2007இல் ‘கிளினிக்கல் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸஸ்’ என்ற மருத்துவ இதழில் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் ஒரு நோயாளியின் கதையை எழுதினார்கள். வயது 20. முதலாம் வகை நீரிழிவு, கட்டுப்பாட்டில் இல்லை. மறைவிட வேக்ஸிங்குக்குப் பின் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவும் ஹேர்ப்பிஸ் வைரசும் சேர்ந்து தாக்கி, உயிருக்கே ஆபத்தான நிலைக்கு அவரைக் கொண்டுபோயின. இப்படி நடப்பது அரிது. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் சிறு கீறலும் சிறிதாக நிற்காது.

மட்டக்களப்புக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் இலங்கையில் முதன்முதலாக 1927இல் பதிவானது. அண்மைக் காலத்தில் அது அடிக்கடி கண்டறியப்படும் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. தோலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக அது உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் வீழ்த்தும். எலிக்காய்ச்சலும் அதே வழியால் நுழையும். வேக்ஸ் செய்தால் இந்த நோய் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. காலில் வேக்ஸ் செய்த கையோடு மாரி வெள்ளத்தில் நடப்பதும் வயலில் இறங்குவதும் வேண்டாம், இரண்டு மூன்று நாள் பொறுங்கள் என்கிறேன். சிவப்பு பரவிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், இடம் கொதித்து வலித்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் “வேக்ஸ் செய்தேன்” என்றும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ரேசர் பாதுகாப்பு என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடவும் வேண்டாம். பிரான்சின் நீஸ் நகரில் 2011, 2012இல் மறைவிடத்தில் மொலஸ்கம் என்ற வைரஸ் பருவோடு வந்த 30 பேரைப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லோரும் அங்கே மயிர் நீக்கியவர்கள், பெரும்பாலோர் ரேசரால்.

பார்லரில் கதிரையில் இருக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். கையை சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா, புதுக் கையுறை போடுகிறாரா. உங்கள் தோலைத் தொட்ட மரக்கரண்டியை மறுபடி மெழுகுச் சட்டிக்குள் விடுகிறாரா. விட்டால் எழும்பி வந்துவிடலாம், ஏனென்றால் மெழுகின் சூடு கிருமியைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. மெழுகைத் தன் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்க்கிறாரா. முதல்முறை என்றால் ஒரு சிறிய இடத்தில் செய்து 24 மணி நேரம் பாருங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் முதல்முறையாக வேக்ஸ் செய்யும் துணிச்சல் எந்த மணப்பெண்ணுக்கும் வர வேண்டாம். செய்பவரிடம் என்விக்யூ சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதும் அவமரியாதை இல்லை. அழகுக்கலைக்கு நாட்டில் தேசியத் தொழில் தகைமை இருக்கிறது. முறையாகப் படித்தவர் சுவரில் மாட்டித்தான் வைத்திருப்பார்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கடைச் சாமானுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சேவைக்கும் அது பொருந்தும். காசுக்கு வழங்கும் சேவை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்கிறது இந்தச் சட்டம். சூடு பார்க்காத மெழுகும், கேட்காமல் விட்ட மருந்து விவரமும் கவனக்குறைவே. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கும்படி பணிக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. அழுக்கான கருவி, சுகாதாரக் கேடு என்றால் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மாநகர சபையிடமும் சொல்லலாம்.

ஆனால் சாட்சி வேண்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். வீட்டு முன்னறையில் நடத்தும் பார்லராக இருந்தாலும் ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, தொகை, செய்த வேலை எழுதிக் கையெழுத்து வாங்கலாம். காயத்தை அன்றே படம் எடுங்கள், ஒவ்வொரு நாளும் எடுங்கள். வைத்தியசாலை தந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தெரிந்த அக்காவின் கடை, முகம் முறிந்துவிடும் என்று தயங்குபவர்கள் முதலில் இணக்க சபைக்குப் போகலாம். அங்கே கதைத்துத் தீர்க்க வழி இருக்கிறது. காயம் பெரிது, நீதிமன்றம்தான் வழி என்றால் நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக் கெடு. வசதியில்லாதவர்களுக்காக மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழிலேயே பதில் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.