முதியோர் இல்லங்கள்: எண்ணிக்கையும் அண்மையும்

முதியோர் நலம் பற்றிப் பேசுங்கால், இல்லங்கள் எத்தனை என்று கணக்கிடும் நாம், அவை எங்கே அமைந்துள்ளன என்று கேட்பதில்லை. நடை தளர்ந்தவருக்கு எட்டாத் தொலைவிலுள்ள இல்லம், இல்லாத இல்லமே ஆகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது வயது நிறைந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். அவர்களுள் பத்தில் எழுவர் சிற்றூர்களில் வாழ்ந்தனர்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், தன் 19ஆம் பிரிவில் இதற்கு ஒரு வழி கூறுகிறது. மாவட்டந்தோறும் குறைந்தது ஓர் இல்லம், அதில் வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடம், எளிதில் சென்றடையத்தக்க அமைவிடம் என்பனவே அதன் சாரம். ஆயினும் மாநில அரசு இவற்றை 'அமைக்கலாம்' என்றே சட்டம் சொல்கிறது; 'அமைத்தல் வேண்டும்' எனக் கட்டளையிடவில்லை.

மாவட்டத்திற்கு ஒன்று என்பது சமமாகத் தோன்றினும் நீதியாகிவிடாது. சென்னையில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். நீலகிரியிலோ, கூடலூரிலிருந்து உதகையை அடையவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைச்சாலையைக் கடக்க வேண்டும்.

இடம் தேர்வதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. எல்லோரும் கடக்கும் தொலைவின் கூட்டுத்தொகையைக் குறைப்பது ஒன்று. மிகத் தொலைவில் இருப்பவரின் தொலைவைக் குறைப்பது மற்றொன்று. முன்னதை மட்டும் கொண்டால் இல்லம் பெருநகரின் பக்கம் சாயும், மலைச்சிற்றூர் மறக்கப்படும். பின்னதை மட்டும் கொண்டால் பெரும்பாலோர் அலைவர்.

ஆகவே பணிக்கேற்ப அளவுகோலை மாற்றுவதே முறையாகும். அரிய சிகிச்சை ஓரிடத்தில் குவிந்திருக்கலாம். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அத்தகையது. நாள்தோறும் வேண்டும் பேணுதலோ பரவலாக வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை இல்லம் தேடிக் கொணர்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே, ஊராட்சி ஒன்றியந்தோறும் சிறு பகல்நேரப் பேணகங்களும் தங்கும் இல்லங்களும் அமைதல் வேண்டும்.

தங்கும் இல்லத்திற்கு அண்மை இன்னும் இன்றியமையாதது. தொலைவிலுள்ள இல்லம் உணவும் உறையுளும் தரக்கூடும். பழகிய முகங்களைத் தராது. மகளோ அண்டை வீட்டாரோ ஒரு பேருந்து ஏறி வந்து பார்த்துத் திரும்பும் தொலைவில் இல்லம் அமைதல் வேண்டும். முதியவரை அவர்தம் ஊரிலிருந்து பிரிக்காத பேணுதலே முழுமையான பேணுதல் என்பதை நாம் உணர்வோமாக.