வஞ்சியென்று வந்த செடி

மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறைக்கு வரிப்பத்தான்சேனைக்கு வந்தபோது, சட்டியில் நட்ட சிறு மரமொன்றைக் கொணர்ந்து தந்தார். விற்றவர் அதனை 'வில்லோ' என்றாராம். "வகுப்பில் வஞ்சி வஞ்சி என்றீர்களே, சேர், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்றார். தமிழ் கற்பிப்பானுக்கு இதனினும் உவப்பான கையுறை உண்டோ? கிளைகள் தாழ்ந்து தொங்கும் அதன் எழிலை வியந்து, முன்னறையில் நூற்பேழையருகே வைத்தேன்.

மாற்றார் மண்மேற் செல்லும் வேந்தன் சூடுவது வஞ்சிப்பூ. சேரர் தலைநகரின் பெயரும் வஞ்சியே. ஆயின் அது யாது மரம் என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். தென்னிந்திய ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை என்பார் சிலர். அது மேனாட்டார் வில்லோவின் இனத்தது. வஞ்சிக்கொடி எனும் வழக்கைக் காட்டிப் பிரம்பு என்பார் வேறு சிலர். மரத்தைக் கொடியென்பது எங்ஙனம் என அவர் வினவுவது நேரிய வினாவே. யான் முதற்கட்சியைச் சார்ந்தவன். அச்சார்புதான் செடிக்குத் தீங்காயிற்று.

ஆற்றங்கரை மரமாயின் நீர் வேட்கை மிக்கதன்றோ? நாடோறும் இருவேளை நீர் வார்த்தேன். பதினைந்து நாளில் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. நீர் போதவில்லை போலும் என எண்ணி மேலும் வார்த்தேன். சட்டியின் மண் புளித்து நாறத் தொடங்கியது. தமிழை நம்பிச் செடியைக் கொல்லலானேன்.

அதனைக் காத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கட்டுரை திருத்திப் பெறுதற்கு வந்தவள், உதிராது நின்ற இலையொன்றைக் கிள்ளினாள். "சேர், பால் வருகுதே!" என்றாள். வில்லோவிற்குப் பால் இல்லை. பால் சொரிவது ஆலும் அத்தியும் அரசும் அடங்கிய குடும்பம். விளிம்பு பல்லின்றி வழுவழுப்பாய், நுனி கூர்ந்து மினுங்கும் அவ்விலையைப் பின்னர் நூல்களோடு ஒப்பிட்டேன். அது 'பைக்கசு பெஞ்சமினா' எனும் ஆலினம். கிளை தாழ்தலால் மேனாட்டார் அதனை அழும் அத்தி என்பர். அழும் வில்லோவும் கிளை தாழ்வதே. ஆதலின் விற்றவர் மயங்கினார் போலும்.

பெயர் பிழைத்தலிற் பெரியோரும் தப்பவில்லை. அழும் வில்லோ சீனத்து மரம். விவிலியச் சங்கீதத்திற் பாபிலோன் ஆற்றங்கரை மரங்கள் பேசப்படுதல் கண்டு, லின்னேயசு 1753இல் அதற்குப் பாபிலோனின் பெயரைச் சூட்டினார். அவ்வாற்றங்கரையில் நின்றவை பொப்லார் மரங்கள் என்பதே இன்றைய கருத்து. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இனிச் செடியின் பேணுகை. முதற்கண் அதனைச் சட்டியினின்று எடுத்து, அழுகிக் கறுத்த வேர்களை நறுக்கி, மணல் கலந்த புதுமண்ணில், அடித்துளை அடையாத சட்டியில் வைத்தேன். மேல்மண் விரற்கணு ஆழத்திற்கு உலர்ந்த பின்னரே இப்போது நீர். இடம் மாற்றினாலே இலையுதிர்க்கும் இயல்பினது; ஆதலின் ஒளி மிக்க ஓரிடத்தைத் தேர்ந்து அங்கேயே விடுதல் நலம். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் சாளரத்தின் நேரே வைத்தல் ஆகாது.

கத்தரிப்பதற்கு யான் பெரிதும் அஞ்சினேன். மாரிமழை ஓய்ந்து வெயில் திரும்பிய மாசியில் துணிந்தேன். பட்ட கிளைகளும், ஒன்றையொன்று உராயும் கிளைகளும் முதலிற் போயின. பின்னர் நீண்டு மெலிந்தவற்றை இலைக்கணுவிற்குச் சற்று மேலே வெட்டினேன். கணுவில் உறங்கும் மொட்டே புதுக்கிளையாகும். ஒருமுறைக்கு மூன்றிலொரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. வெட்டுவாயிற் பால் வழியும். ஈரத்துணியால் ஒற்றினால் நிற்கும். அப்பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்குமாதலின் கையுறை (இது பரிசிற்பொருள் அன்று, கையில் அணிவது!) வேண்டும். கத்தரியையும் முன்னரே வெந்நீரிற் கழுவிக்கொள்க.

மெய்யான வில்லோ எவர்க்கேனும் கிடைக்குமாயின், அதனை வீட்டினுள் வையாதிருக்க. அதற்குத் திறந்தவெளி வெயிலும் மிகுநீரும் வேண்டும். அழும் வில்லோவிற்கு நம் கரையோரத்தில் இல்லாத குளிர்கால ஓய்வும் வேண்டும். வெட்டுக்கு அஞ்சாத மரம் அது. வெட்டிய கொம்பை நீரில் நிறுத்தினாலே வேர்விடும். என் ஆலோ சாடியை விட்டு நிலத்திற்கு இறங்கத் தகாதது. வேர் ஓடிக் கிணற்றுக் கட்டையும் வீட்டுத் தளத்தையும் பிளக்கும்.

வெட்டிய மூன்றாம் வாரத்தில் முதற்றளிர் கண்டேன். இன்று எண்ணியபோது புதுக்கிளை பதினொன்று. மாணவருக்கு உண்மையை எழுதிவிட்டேன். வீட்டாரோ இன்னும் "வஞ்சிக்குத் தண்ணீர் வார்த்தாயிற்றா?" என்றே வினவுகின்றனர்.