உங்களுக்குத் தெரியுமா? பனியின் ஆழம் மட்டும் போதாது!

பனிச்சறுக்குத் தளத்தின் காலை அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது பனியின் ஆழத்தை. ஆனால் சறுக்கலின் சுகம் பனியிலுள்ள ஈரத்தைப் பொறுத்தது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான்; பொதுவாக 10 செ.மீ. புதுப்பனி உருகினால் சுமார் 1 செ.மீ. தண்ணீர் மிஞ்சும்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோ, உலர்ந்த பொடிப்பனிக்குப் பேர்போனது. சைபீரியாவின் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிவந்து, மலையில் மோதி, மாவுபோன்ற பனியாகக் கொட்டுகிறது.

வெப்பநிலையும் ஈரப்பதமும் பனிப்படிகத்தின் வடிவத்தை எப்படி முடிவுசெய்கின்றன என்று ஆராய்ந்தவரும் ஹொக்கைடோவில் பணியாற்றியவரே: இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936-இல், முயல் ரோமத்தின்மீது உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை அவர் வளர்த்தெடுத்தார். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்!

மார்ச் பிறந்தால் சறுக்குத் தளத்தில் நிலைமை வேறு. பகலில் உருகும் மேற்பரப்பு இரவில் இறுகிவிடும். அதிகாலையில் வெறும் ஐஸ். வெயிலேறியதும் கொஞ்சநேரம் பரல்பரலாக இளகி, சறுக்க இதமாக இருக்கும். பிற்பகலில் கனத்துக் குழைந்துவிடும். ஆகவே மார்ச்சில் முந்தைய இரவின் வெப்பநிலையை விசாரித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது.