படம் இருக்கிறது, குரல் எங்கே?

நமது வீடுகளில் காலஞ்சென்ற பெரியவர்களின் படங்களுக்குக் குறைவில்லை. கூடத்துச் சுவரில் தாத்தா தலைப்பாகையுடன் விறைப்பாக நாற்காலியில் வீற்றிருப்பார். பக்கத்தில் பாட்டி, படம் பிடிக்கிறவர் ஏதோ செய்துவிடப் போகிறார் என்று அஞ்சியவளைப்போல் நின்றுகொண்டிருப்பாள். ஆனால், "பாட்டி எப்படிப் பேசுவாள்?" என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. அவள் பட்ட பாடும், பார்த்த உலகமும் அவளுடனேயே போய்விட்டன.

இதற்கு யந்திரம் இல்லாத குறை என்று சொல்வதற்கில்லை. தாமஸ் ஆல்வா எடிசன் பேசும் யந்திரத்தைக் கண்டுபிடித்தது 1877-ஆம் வருஷத்தில். மறு வருஷமே அதன் உபயோகங்களை வரிசைப்படுத்தி அவர் ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்தாரின் குரல்களையும், அந்திய காலத்தில் அவர்கள் சொல்லும் வார்த்தைகளையும் சேமித்து வைப்பது அவற்றில் ஒன்று. உலகமோ சங்கீதத் தட்டுக்களை வாங்கிக் குவித்தது, மற்றதை மறந்துவிட்டது.

நமது தேசத்தில் ஸர் ஜார்ஜ் கிரியர்ஸன் நடத்திய மொழி ஆராய்ச்சிக்காகச் சர்க்கார் செலவில் பல பாஷைக்காரர்களின் குரல்கள் கிராமபோன் தட்டுக்களில் பதிவாயின. தமிழும் தெலுங்கும் அவற்றில் உண்டு. ஆனால் அவர்களைப் பெரும்பாலும் சொல்லச் சொன்னது பைபிளில் வரும் ஊதாரிப் பிள்ளையின் கதையை! "உன் கதை என்ன, அப்பா?" என்று கேட்பது அந்த ஆராய்ச்சியின் நோக்கமாயிருக்கவில்லை.

ஆயினும் இத்தகைய ஆராய்ச்சியின் நடுவே ஒரு மனிதன் தன் கதையைச் சொல்லிவிட்ட அதிசயமும் ஒரு முறை நடந்தது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பெர்லின் நகருக்கு அருகே வூன்ஸ்டார்ப் என்னுமிடத்தில் வைக்கப்பட்டிருந்தனர். பாஷை ஆராய்ச்சிக்காக அவர்கள் குரல்களையும் பதிவு செய்தார்கள். 1916-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி மல் சிங் என்ற பஞ்சாபி வீரர் ஒலிக்குழலின் முன் நின்றார். ஹிந்துஸ்தானத்தில் ஒரு மனிதன் வெண்ணெயும் பாலும் உண்டு வாழ்ந்ததையும், பின்பு ஐரோப்பியச் சண்டைக்கு வந்து பிடிபட்டதையும், ஊர் திரும்பினால் மீண்டும் அந்த உணவு கிடைக்கும் என்று ஏங்குவதையும் யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். ஓரிரு நிமிஷங்களே கொண்ட பேச்சு. ஆனால் அதில் இருப்பது அவர் வாழ்க்கை முழுவதும். அந்தக் குரல் இன்றும் பெர்லினிலுள்ள ஹம்போல்ட் சர்வகலாசாலையின் ஒலிக் காப்பகத்தில் இருக்கிறது.

மல் சிங்கை அவர் கதைக்காக யாரும் கூப்பிடவில்லை. கதைக்காகவே கூப்பிட ஆரம்பித்தது வெகு காலத்துக்குப் பின்னர்தான். 2003-ஆம் வருஷம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் டேவ் ஐஸே என்பவர் ஒரு சிறிய அறையை அமைத்தார். ஸ்டோரிகோர் என்பது அந்த ஸ்தாபனத்தின் பெயர். இருவர் உள்ளே போகவேண்டும். தாயும் மகளும், அல்லது பழைய சிநேகிதர் இருவர். நாற்பது நிமிஷம் ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். லக்ஷக்கணக்கானவர்கள் இவ்வாறு பேசியிருக்கிறார்கள். மந்திரிகளோ சினிமா நட்சத்திரங்களோ அல்ல. பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்களே.

"அமெரிக்கர்களுக்குப் பொழுது போகவில்லை, நமக்கு அப்படி என்ன கதை இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை அடுத்திருக்கும் அம்மையார்குப்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். நெசவாளர்களின் ஊர் அது. இந்த வட்டாரம் 1911-ல் சித்தூர் ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அதனுடன் போயிற்று. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் வடவெல்லைக்காகக் கிளர்ச்சி செய்தனர். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. வீடு நகரவில்லை, தறி நகரவில்லை, கிணறு நகரவில்லை. ராஜ்யம் மட்டும் நகர்ந்தது!

இவ்வளவையும் சட்டப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பலகையில் எந்த எழுத்து முதலில் எழுதப்பட்டது? நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்து வாங்கியவர்களுக்குத் திடீரென்று சம்பந்தி வீடு அயல் ராஜ்யமானது எப்படியிருந்தது? வீட்டில் குழித்தறி போய் விசைத்தறி வந்த நாளில் அப்பா சந்தோஷப்பட்டாரா, பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாரா? தார் சுற்றிய சிறுமிக்குக் கூலி உண்டா, அல்லது அது வீட்டு வேலைதானா? இவற்றைச் சொல்லும் தஸ்தாவேஜு எந்தக் கச்சேரியிலும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1960-ல் பத்து வயதாயிருந்தவர்கள் எழுபதைத் தாண்டி நாளாகிறது. அவசரம் எங்கே இருக்கிறதென்று இனி விளக்கவேண்டியதில்லை.

"எழுதி வைத்தால் போதாதா?" என்றால், போதாது. எல்லையோரத்துப் பெரியவர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். நாம் எழுத உட்கார்ந்தால் அதை நல்ல தமிழாகத் திருத்திவிடுவோம். திருத்தியதும் எல்லை வாழ்க்கையே மறைந்துவிடும். துக்கமான இடத்தில் அவர் நிறுத்தும் மௌனத்தைக் காகிதத்தில் எப்படி அச்சடிப்பது? சிரித்துக்கொண்டே சொன்ன பசிக்கதை, எழுத்தில் அழுகைக் கதையாக மாறிவிடும். குரலில் ஆளே இருக்கிறார்.

இக்காலத்தில் செல்போன் இல்லாத வீடு அபூர்வம். அதுவே போதுமான யந்திரம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் பெரியவரின் அருகே வையுங்கள். "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல?" என்றுதான் பதில் வரும். "முதல் கூலியை என்ன செய்தீர்கள்?", "கல்யாணத்தன்று மழை பெய்ததா?" என்று சின்னதாகக் கேளுங்கள். தேதி தவறினால் குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள்; அதைச் செய்ய உறவினர் எப்போதும் ஒருவர் தயாராயிருப்பார், அவரைக் காப்பி போட அனுப்பிவிடலாம். பெரியவர் மௌனமானால் நீங்களும் மௌனமாயிருங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகே வரும். பேச்சு முடிந்ததும் தறியோசையையும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறித்து, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கதை சொன்னவருக்கே சொந்தம். அவர் அழித்துவிடச் சொன்ன பகுதியை அழித்துவிட வேண்டும். அவர் சம்மதமின்றி வாட்ஸாப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவது, பெட்டியைத் திறந்து பிறர் கடிதத்தைப் படிப்பதைவிட மோசமானது.

கதைக்கு வேண்டியது சொல்லத் தெரிந்தவர் மட்டுமல்ல, கேட்க உட்காருகிறவரும்தான். அநேக வீடுகளில் முதலாமவர் இன்னும் இருக்கிறார், இரண்டாமவருக்குத்தான் நேரமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் ஒதுக்கினால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.