மண்ணுக்கடியில் உள்ள ஊரும் மேலே எழும் ஊரும்

அத்திவாரம் வெட்டும்போது பழஞ்சுவர் ஒன்று வெளிப்பட்டால், வேலையை நிறுத்துவது அல்லது சுவரை மூடிவிடுவது என்ற இரண்டு வழிகளே பெரும்பாலும் எஞ்சுகின்றன. தொல்பொருள் ஆய்வு, கட்டட வரைபடத்துக்கு முன்பே நடந்திருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. ஏதென்சில் 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் நூற்றுக்கு மேற்பட்ட தூண்களின்மீது, கீழேயுள்ள பழங்குடியிருப்பின் சுவர்களுக்கு ஊறு நேராதவாறு உயர்த்திக் கட்டப்பட்டதால், பார்வையாளர்கள் கண்ணாடித் தரையினூடாக அந்த எச்சங்களைக் காண முடிகிறது.

இலங்கையில் இதற்கு நெருங்கிய சான்று காலிக் கோட்டை. 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கடலின் ஏற்றவற்றத்தால் கழிவு அடித்துச் செல்லப்படும்படி தெருக்களின் கீழ் வடிகால்களை அமைத்தனர். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்த பின்னரும் மக்கள் வெளியேற்றப்படாமல், வீடுகளும் நீதிமன்றமும் மீரான் பள்ளிவாசலும் இயங்குகின்ற உயிருள்ள ஊராகவே அது இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை காலி நகரின் ஏனைய பகுதிகளைச் சிதைத்தபோது கோட்டையின் உட்பகுதி பெருஞ்சேதமின்றித் தப்பியதற்கு அதன் மதில்களே காரணம். பழையதைப் பேணுவது ஊரின் பாதுகாப்புக்கும் உதவும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

அதே ஆழிப்பேரலையில் பேரிழப்பைக் கண்ட அம்பாறைக் கரையோரத்தில், வினாயகபுரம் முதல் கல்முனை வரை, தொல்பொருள் என்ற சொல் காணி பறிபோகுமோ என்ற அச்சத்தையே முதலில் எழுப்புகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழைய சின்னங்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்கூட்டிய தொல்பொருள் தாக்க மதிப்பீடு, அதாவது கட்டுமானத்தால் நிலத்தடி எச்சங்களுக்கு நேரக்கூடிய பாதிப்பைக் கணிக்கும் ஆய்வு, விதிகளின்படி தேவைப்படுகிறது. எனினும் காணிக்கு எல்லைக்கல் நடப்படும் நாளிலேயே மக்கள் இச்சட்டத்தை அறியும் நிலை இருக்கும்வரை நம்பிக்கை பிறக்காது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020இல் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ இடம்பெறாதது அந்த அவநம்பிக்கையை மேலும் ஆழப்படுத்தியது.

ஆகவே தொல்பொருள் திணைக்களமும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் ஆய்வு வரைபடங்களைத் தமிழில் வெளியிட்டு, கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகிய மூன்றின் நிர்வாகத்தினரையும் காணி உரிமையாளரையும் கலந்து பேசிய பின்னரே எல்லையிட வேண்டும்; எல்லைக்குள் வசிப்பவர் அங்கேயே வாழ்வதற்கான உறுதியும் எழுத்தில் தரப்பட வேண்டும்.